அப்பாவின் காலிலிருந்து 'நரம்பை' எடுக்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தந்தைக்கு 61 வயது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவர்; கரிப்பெட்டியை வைத்து, காலை ஏழு மணி முதல் விளக்கு வைக்கும் நேரம்வரை நின்றபடியே செய்யும் வேலை. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடித்தவர், இப்போது "நாலைந்துதான்" என்கிறார். வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. நான்கு மாதங்களாக இரண்டாம் மாடி ஏறும்போதே நெஞ்சை அழுத்துகிறது. படியில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று நிமிடங்களில் விட்டுவிடுகிறது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீரிலும் கோலி சோடாவிலும் மூன்று மாதங்களைக் கடத்திய பிறகே மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். ஆஞ்சியோகிராமில், இதயத்துக்கு ரத்தம் தரும் மூன்று குழாய்களிலும் அடைப்பு: முன்பக்கக் குழாயில் 90 சதவீதம், பக்கவாட்டுக் குழாயில் 80, வலது குழாயில் 100. எக்கோவில் இதயத்தின் இயக்கம் 45 சதவீதம். பைபாஸ் செய்ய வேண்டும், அதற்குக் காலிலிருந்து நரம்பு எடுப்போம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. தந்தைக்கு இடது காலில் பல ஆண்டுகளாக 'நரம்பு சுருட்டல்' இருக்கிறது. வலது கெண்டைக்காலோ கடையிலிருந்து டீக்கடை போய்ச் சேர்வதற்குள் பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிறது. மருந்துக்கடையில் வாங்கிய இறுக்கமான காலுறையை இரண்டு கால்களுக்கும் மாட்டிக்கொண்டிருக்கிறார். நரம்பை எடுத்தால் கால் போய்விடும், நின்று பிழைப்பவர் பிறகு எப்படிப் பிழைப்பது என்று தாயார் அழுகிறார். மாரடைப்பு வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டென்ட் (குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துக்கொண்டு மூன்றாம் நாளே வீடு திரும்பியதைக் காட்டி, அதுவே போதும் என்கிறார் சித்தப்பா. கத்தியே இல்லாமல் 35 நாளில் அடைப்பைக் கரைப்பதாகச் சொல்லும் ஒரு மையத்தின் துண்டறிக்கையும் வீட்டுக்கு வந்திருக்கிறது. கட்டணம் ஒன்றேகால் லட்சம். இவற்றில் எதை நம்புவது, பணத்துக்கு என்ன வழி, அப்பா பயந்துவிடுவார் என்பதால் முழு விவரத்தையும் சொல்லாமல் கையெழுத்தை மட்டும் வாங்கிவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அப்பாவின் வலது காலில் இருக்கும் அந்த இறுக்கமான காலுறையை இன்றே கழற்றிவிடுங்கள். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். காலுறை அதுவரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. அவருக்கு இப்போது இருப்பது உழைக்கும்போது வந்து ஓய்வெடுத்தால் நிற்கிற வலி. இந்த நிலையில் யோசிக்கவும் இன்னொரு மருத்துவரைக் கேட்கவும் சில நாட்கள் இருக்கின்றன, மாதக்கணக்கில் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலி வந்தாலோ, வியர்த்துக்கொட்டினாலோ, நாக்கடியில் வைக்கும் மாத்திரையை வைத்து ஐந்து நிமிடங்களில் குறையாவிட்டாலோ அந்த அவகாசம் முடிந்துவிட்டது என்று பொருள். உடனே 108-ஐ அழையுங்கள். அந்த மாத்திரையை வைக்கும்போது அவர் உட்கார்ந்திருக்க வேண்டும், நின்றுகொண்டு வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழக்கூடும். மூன்று மாடியையும் அவர் நடந்து இறங்கக் கூடாது. நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி இறக்குங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாகவோ திடீர்ச் சோர்வாகவோ மட்டும் மாரடைப்பு வெளிப்படலாம் என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நரம்பு என்ற ஒரே சொல்

உங்கள் அம்மாவின் பயத்துக்குக் காரணம் அறியாமை இல்லை. மருத்துவர்களான எங்கள் பேச்சுதான் காரணம். தமிழில் நாம் மூன்று வெவ்வேறு பொருள்களை நரம்பு என்ற ஒரே சொல்லால் அழைத்துவருகிறோம். இதயத்திலிருந்து ரத்தத்தை உடலுக்குக் கொண்டுபோகும் குழாய் தமனி. உடலிலிருந்து இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் சிரை. மூளையின் கட்டளையைத் தசைக்கும், தோலின் உணர்ச்சியை மூளைக்கும் கடத்துவது மட்டுமே நரம்பு. 'நரம்பு சுருட்டல்' என்னும்போது நாம் சொல்வது சிரையை. 'நரம்பில் அடைப்பு' என்னும்போது சொல்வது தமனியை. 'நரம்புத் தளர்ச்சி' என்னும்போது உண்மையான நரம்பை. ஊசி போடும் செவிலியர் "நரம்பு கிடைக்கவில்லை" என்று தேடுவதும் சிரையைத்தான்.

இதை நான் பாடமாகக் கற்றது என் தவறால். பணியில் சேர்ந்த புதிதில், தையல்காரர் ஒருவரிடம் "காலில் இருந்து நரம்பை எடுத்து இதயத்தில் வைப்போம்" என்று சர்வசாதாரணமாகச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவர் மறுநாள் காலை படுக்கையில் இல்லை. தையல் இயந்திரத்தை மிதிக்கும் கால் செத்துப்போய்விடும் என்று பயந்து, இரவே கிளம்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து ரத்தக்குழாய் என்ற சொல்லைத் தவிர வேறெதையும் நான் நோயாளியிடம் சொல்வதில்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கான பதில் இது. பைபாஸுக்காகக் காலிலிருந்து எடுக்கப்படுவது நரம்பு அன்று. உள்கணுக்காலில் தொடங்கி, தோலுக்குச் சற்றுக் கீழாகவே தொடைவரை ஏறும் ஒரு நீண்ட சிரை. காலின் ரத்தத்தில் பெரும்பகுதி தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடும் சிரைகள் வழியாகத்தான் மேலே போகிறது. மேலே ஓடும் இந்தச் சிரையை எடுத்துவிட்டாலும் ஆழத்துச் சிரைகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நிற்கலாம், நடக்கலாம், மாடி ஏறலாம். இரண்டு மூன்று மாதங்களுக்குக் கணுக்காலில் வீக்கம் இருக்கலாம். உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தால் குறையும். முழங்காலுக்குக் கீழே இந்தச் சிரையை ஒட்டி ஓர் உணர்வு நரம்பு ஓடுகிறது. அது உரசுப்பட்டால் உள்கெண்டையில் கொஞ்ச இடம் மரத்துப்போனதுபோல் இருக்கும், சிலருக்கு அது நெடுநாள் நீடிக்கும். அந்த நரம்பு உணர்வுக்கு மட்டுமே உரியது, தசையை இயக்குவதில்லை என்பதால் கால் செயலிழக்காது.

இரண்டு கால்கள், இரண்டு நோய்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்திவைத்த பகுதி இதுதான். அப்பாவின் இரண்டு கால்களிலும் இருப்பது ஒரே தொல்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், மருந்துக்கடைக்காரரும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால், இடது காலில் இருப்பது சிரை நோய், வலது காலில் இருப்பது பெரும்பாலும் தமனி நோய்.

சிரைகளுக்குள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கச் சிறு கதவுகள்போல வால்வுகள் உண்டு. வருடக்கணக்கில் நின்றே வேலை செய்பவர்களுக்கு அந்த வால்வுகள் தளர்ந்து, ரத்தம் கீழேயே தேங்கி, குழாய் புடைத்துச் சுருள்கிறது. இடது காலில் நடந்திருப்பது அது. இறுக்கமான காலுறை வெளியிலிருந்து அழுத்தித் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவதால் அந்தக் காலுக்கு அது உதவும்.

வலது காலின் கதை வேறு. நடந்தால் கெண்டை பிடித்துக்கொள்வதும், நின்றால் விடுவதும், மறுபடி அதே தூரம் நடந்ததும் பிடிப்பதும் காலுக்குப் போகும் தமனி சுருங்கியிருப்பதன் பாடப்புத்தக அடையாளம். மாடிப்படியில் நெஞ்சு கேட்பதும் டீக்கடை வழியில் கெண்டை கேட்பதும் ஒன்றையேதான்: உழைக்கும் தசைக்கு வேண்டிய ரத்தம் வந்து சேரவில்லை. ஏற்கெனவே ரத்தம் போதாத காலை இறுக்கிக் கட்டினால் இருப்பதும் குறையும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்கு அந்த இறுக்கத்தில் புண் வந்தாலும் தெரியாது. விரல் கறுத்த பிறகுதான் தெரியும். அதனால்தான் காலுறையைக் கழற்றச் சொன்னேன். இடது காலுக்கும் டாப்ளர் (குழாய்களில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்க்கும்வரை மாட்ட வேண்டாம், ஏனென்றால் தமனி நோய் ஒரே காலோடு நிற்பது அபூர்வம்.

இதை உறுதிசெய்யும் சோதனை எளியது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்துக் கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். கையில் 150, கணுக்காலில் 105 என்றால் விகிதம் 0.7, 0.9-க்குக் கீழே இருந்தாலே தமனி நோய் என்று கொள்ளலாம். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்திருந்தால் இந்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும். அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்ப்பதும், டாப்ளர் ஸ்கேனும் உண்மையைச் சொல்லும்.

பைபாஸ் செய்யப்போகும் அறுவை மருத்துவருக்கு இந்த விவரம் மிகவும் முக்கியம். புடைத்துச் சுருண்ட சிரை பைபாஸுக்கு ஒத்துவராது. தமனி நோய் உள்ள காலில் சிரையை எடுக்கக் கீறினால், குறிப்பாக முழங்காலுக்குக் கீழே, அந்தப் புண் ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. எனவே "எந்தக் காலில், எந்த உயரத்தில் எடுப்பீர்கள்? இரண்டு காலுக்கும் டாப்ளர் பார்த்தாகிவிட்டதா?" என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும். வழி இல்லாமல் இல்லை. தொடைப் பகுதியிலிருந்து எடுக்கலாம், முன்கையின் தமனி ஒன்றைப் பயன்படுத்தலாம். முன்கை என்றால், அந்தத் தமனி இல்லாமலேயே உள்ளங்கைக்குப் போதிய ரத்தம் போகிறதா என்று முன்கூட்டிச் சோதித்து, வழக்கமாகப் புழங்காத கையிலிருந்தே எடுப்பார்கள். பெட்டி பிடிக்கும் கை எது என்று அப்பாவே சொல்லட்டும்.

இதயத்திலும் காலிலும் அடைப்பு உள்ளவருக்குக் கழுத்துத் தமனியிலும் அடைப்பு இருக்கக்கூடும் என்பதால், அறுவைக்கு முன் கழுத்துக்கும் ஒரு டாப்ளர் பார்ப்பது நல்லது. அறுவையின்போது பக்கவாதம் வரும் வாய்ப்பை மதிப்பிட அது உதவும். காலில் புண்ணோ, இரவில் படுத்திருக்கும்போதே பாத வலியோ இல்லாதவரை முதலில் இதயத்தைத்தான் கவனிப்போம், கால் பிறகு. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூங்க முடிகிறது என்று அவர் சொல்லத் தொடங்கினால் மட்டும் வரிசை மாறும். அப்போது ரத்தக்குழாய் அறுவை நிபுணரை அந்த வாரமே பார்க்க வேண்டும்.

அறிக்கையில் உள்ள எண்கள்

ஒரு குழாய் 100 சதவீதம் அடைத்திருந்தும் எப்படி உயிரோடு இருக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அடைப்பு மெல்ல மெல்ல வளரும்போது பக்கத்துக் குழாய்களிலிருந்து நுண்ணிய கிளைகள் விரிந்து, அந்தப் பகுதிக்குச் சந்து வழியாக ரத்தம் கொண்டுவந்துவிடும். அப்பாவின் வலது குழாய்க்குரிய தசை அப்படித்தான் பிழைத்திருக்கிறது. அந்தச் சந்துகளுக்குத் தண்ணீர் விடுவது 90 சதவீதம் அடைத்திருக்கும் முன்பக்கக் குழாயாக இருந்தால், அது மூடினால் இரண்டு பகுதிகளும் ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கும். மூன்று குழாய் அடைப்பை நாங்கள் கவலையோடு பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

எக்கோவில் வந்த 45 சதவீதம் என்பது பாதி இதயம் வேலை செய்யவில்லை என்பதன்று. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். எந்த இதயமும் நூறையும் தள்ளுவதில்லை; நன்றாக இருக்கும் இதயமே ஏறத்தாழ 55 முதல் 70 வரைதான் தள்ளும். 45 என்பது சற்றுக் குறைவு. ரத்தம் போதாமல் சோர்ந்திருக்கும் தசை, ரத்தம் கிடைத்ததும் ஓரளவு மீள்வதும் உண்டு.

ஸ்டென்டா, பைபாஸா

நம் பக்கத்தில் 'ஆஞ்சியோ' என்ற சொல்லும் நரம்பைப் போலவே இரண்டு வேலை பார்க்கிறது. ஆஞ்சியோகிராம் என்பது படம் எடுப்பது மட்டும். ஆஞ்சியோபிளாஸ்டி என்பது பலூனை விரித்து ஸ்டென்ட் வைப்பது. "ஆஞ்சியோ பண்ணியாச்சே, பிறகு எதற்கு ஆபரேஷன்?" என்று உங்கள் சித்தப்பா கேட்பது இந்தக் குழப்பத்தால் இருக்கலாம். அப்பாவுக்குப் படம் மட்டுமே எடுத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவம் உண்மையானது, ஆனால் அவருக்கு வந்தது மாரடைப்பு. ஒரு குழாய் திடீரென்று மூடிக்கொண்டது; அதை உடனே திறப்பதற்கு ஸ்டென்டை விடச் சிறந்த வழி இன்று இல்லை. அப்பாவுக்கு இருப்பதோ, சர்க்கரையோடு சேர்ந்து மூன்று குழாய்களிலும் பரவிய நோய். இப்படிப்பட்டவர்களையே எடுத்துக்கொண்டு நடத்தி, 2012-இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில் 1,900 பேர் பங்கேற்றனர். ஐந்து ஆண்டுகளில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதம் பேரும் பைபாஸ் செய்தவர்களில் 10.9 சதவீதம் பேரும் இறந்திருந்தனர். மாரடைப்பும் பைபாஸ் பக்கமே குறைவு. பக்கவாதம் மட்டும் நேர்மாறு: ஸ்டென்ட் பக்கம் 2.4, பைபாஸ் பக்கம் 5.2 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் சொல்லும் மருத்துவர் உங்களுக்கு முழுக் கணக்கையும் தரவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? ஸ்டென்ட் அது வைக்கப்பட்ட அங்குலத்தை மட்டும் காக்கிறது. பைபாஸ் அடைப்பைத் தொடுவதே இல்லை; அடைப்புக்கு அப்பால் புதிய குழாயை இணைப்பதால், பழைய குழாயின் மேல்பகுதியில் நாளை இன்னோர் அடைப்பு வந்தாலும் கீழே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். முன்பக்கக் குழாய்க்கு மார்பெலும்பின் பின்புறம் ஓடும் இடது மார்புத் தமனியை இணைப்பது வழக்கம். பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் பத்தில் ஒன்பதுக்கு மேல் அது திறந்தே இருக்கிறது. காலிலிருந்து எடுத்த சிரைகளில் ஏறத்தாழ பாதிதான் பத்தாண்டு தாங்குகிறது. "பத்து வருஷம் கேரண்டி" என்று யாராவது சொன்னால், எந்தக் குழாய்க்கு என்று கேளுங்கள். பீடி தொடர்ந்தால் எதற்கும் இல்லை.

அறுவையின் அபாயத்தையும் மறைக்கக் கூடாது. முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்யப்படும் பைபாஸில் உயிருக்கு ஆபத்து பொதுவாக நூறில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு. அப்பாவுக்குச் சர்க்கரையும் கால் தமனி நோயும் இருப்பதால் அந்த வரம்பின் மேல்பகுதியையே எதிர்பாருங்கள். சிறுநீரக அளவான கிரியேட்டினின் எவ்வளவு என்பதையும் வைத்து அவருக்கான கணக்கை அறுவை மருத்துவர் சொல்ல வேண்டும். மார்புப் புண்ணில் கிருமி பிடிப்பது சர்க்கரை நோயாளிகளுக்குச் சற்று அதிகம்.

இதயத்தை வெளியே எடுத்து வைத்துத் தைப்பார்கள் என்று அம்மா கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதயம் அதன் இடத்திலேயே இருக்கும். செயற்கை இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தைச் சிறிது நேரம் நிறுத்தியும் தைக்கலாம், துடிக்கும் இதயத்திலேயேயும் தைக்கலாம். எது என்பதை மருத்துவரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுங்கள். இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் 1975-இல் நடந்தது, நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், டாக்டர் கே.எம்.செரியனின் கைகளால். வடசென்னைக்கு இந்த அறுவை புதியதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அந்த 35 நாள் மையம்

துண்டறிக்கையில் இரண்டு சிகிச்சைகள் இருக்கின்றன. ஒன்று, கால்களிலும் இடுப்பிலும் காற்றுப்பட்டைகளைக் கட்டி, இதயத் துடிப்புக்கு ஏற்ப அழுத்தி விடுவது. இது பொய்யான சிகிச்சை இல்லை. ஸ்டென்டுக்கும் வழியில்லை, அறுவைக்கும் வழியில்லை என்றான நோயாளிகளுக்கு நெஞ்சுவலியைக் குறைக்க, தலா ஒரு மணி நேரமாக 35 அமர்வுகள் கொடுப்பது உண்டு. ஆனால் அது அடைப்பைக் கரைப்பதில்லை. அதோடு, காலின் தமனியில் கடுமையான அடைப்பு உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. அந்த மையத்தில் அப்பாவின் வலது காலைத் தொட்டுப் பார்த்தார்களா? நாடி பார்த்தார்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

இன்னொன்று, அடைப்பைக் 'கழுவி' எடுப்பதாகச் சொல்லி ஏற்றும் டிரிப். முன்பு மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் இதையே வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2024-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மாரடைப்பும் மரணமும் குறையவில்லை. ஒன்றேகால் லட்சத்தை விடப் பெரிய இழப்பு அந்த 35 நாட்கள்.

பணமும் காகிதங்களும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை உண்டு. பைபாஸ் அதில் அடங்கும். அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பயன்படுத்தலாம். அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானச் சான்றை முதலில் வாங்கிவிடுங்கள், நாள் பிடிப்பது அதற்குத்தான். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே கூட்டம் இருக்கும், தேதிக்குக் காத்திருக்க நேரலாம். ஆனால் அரசு மருத்துவமனை என்றாலே இரண்டாம் தரம் என்ற உங்கள் வரியை நான் ஏற்கவில்லை. இந்த அறுவையை அன்றாடம் செய்யும் கைகள் அங்கே இருக்கின்றன.

இரண்டே நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று தற்போதைய மருத்துவமனை நெருக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை, அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆஞ்சியோகிராம் காணொளியைச் சி.டி.யாகவும் மற்ற அறிக்கைகளை நகலாகவும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். காகித அறிக்கை மட்டும் போதாது. அடைப்புக்கு அப்பால் குழாய் எவ்வளவு பருமன், அங்கே தையல் போட இடம் இருக்கிறதா என்பதைக் காணொளியில்தான் பார்க்க முடியும்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

பீடியை இன்றே நிறுத்துவது, "நாலைந்து" உட்பட. ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரையை வழக்கமாக அறுவைக்கு ஐந்து நாள் முன்பும், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பும் நிறுத்துவார்கள். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் பெரும்பாலும் தொடரும். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தவோ தொடரவோ வேண்டாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொட்டிக் காட்டுங்கள்.

அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு, மொத்தம் ஒரு வாரம் அல்லது பத்து நாள் மருத்துவமனை. இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இதயத் துடிப்பு தாறுமாறாவது பலருக்கு நடக்கும், மருந்தில் சரியாகும். இருமும்போது ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் மாடி ஏறலாம். ஒரு தளத்துக்கு ஒருமுறை உட்கார, படித்திருப்பில் ஒரு நாற்காலி போட்டுவையுங்கள். மார்பில் 'டக்' என்று எலும்பு அசையும் உணர்வோ, புண்ணில் கசிவோ, காய்ச்சலோ வந்தால் அன்றே போக வேண்டும்.

மார்பெலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது நன்றாகக் கூட ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. கரி நிரப்பிய பித்தளைப் பெட்டி ஐந்தைத் தாண்டிவிடும். அதைத் தூக்குவதை விட, துணியின்மேல் அழுத்தி முன்னும் பின்னும் இழுப்பதுதான் எலும்பின் இணைப்பைச் சோதிக்கும். மூன்று மாதங்களுக்குக் கடையை யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறாவது வாரமே அவர் போய் நிற்பார். திரும்பும்போதும் முதலில் மின்பெட்டியில், அரை நாள், உயரமான முக்காலி ஒன்றில் உட்கார்ந்தும் எழுந்தும் செய்யட்டும். இடது கால் அதற்கு நன்றி சொல்லும்.

அப்பாவிடம் சொல்வது

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சொல்லாமல் கையெழுத்து வாங்கலாமா? வாங்கக் கூடாது, வாங்கினாலும் செல்லாது. தெளிந்த அறிவோடு இருக்கும் ஒருவரின் உடலில் கத்தி வைக்க அவரது சம்மதம்தான் வேண்டும், மகளின் சம்மதம் அதற்கு ஈடாகாது. என்ன செய்யப்போகிறோம், ஆபத்து என்ன, வேறு வழி என்ன என்று விளங்கச் சொல்லிப் பெறுவதே சம்மதம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோஹ்லி வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள். விஷயம் தெரியாமல் போய்க் கண்விழித்து, மார்பில் குழாய்களும் காலில் கட்டுமாகக் கிடப்பவர் பிறகு யாரை நம்பி மூச்சுப்பயிற்சி செய்வார்?

நீங்கள் சொல்லத் தயங்கினால் மருத்துவரைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். மருத்துவர் நரம்பு என்று சொன்னால் குறுக்கிட்டு, "ரத்தக்குழாய் சார், நரம்பு இல்லை, அப்பாவுக்கு அதைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். டாப்ளர் முடிவுகளும் சி.டி.யும் கிடைத்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். கையெழுத்து அப்பாவுடையதாக இருந்தால் இன்னும் நல்லது.